முதல் படம் வரும்வரை பிக்ஸார் எதை விற்று வாழ்ந்தது?

மஞ்சக்குப்பத்தான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக முப்பரிமாண வரைகலைத் தொழில் செய்து வருகிறேன். என்னுடன் இருவர் வேலை பார்க்கிறார்கள். புதுச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டுபவர்களுக்கு, கட்டடம் எழும்பும் முன்பே அதற்குள் நடந்து பார்ப்பதுபோன்ற காட்சிகளைச் செய்து கொடுக்கிறோம். நகைக்கடை விளம்பரம், கல்யாண மண்டபத் திரையில் ஓடும் மணமக்கள் பெயர் போன்ற வேலைகளும் வரும். எங்களுக்குச் சோறு போடுபவை இவைதாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எங்களுக்கென்று ஒரு குறும்படம் செய்கிறோம். பண்ருட்டிச் சந்தையில் பெரிய பழங்கள் எல்லாம் விலைபோன பிறகு, ஓரமாகத் தனித்துக் கிடக்கும் ஒரு சிறிய பலாப்பழத்தைப் பற்றிய மூன்று நிமிடக் கதை அது. மூன்று ஆண்டுகள் உழைத்து நாற்பது நொடிகளை முடித்திருக்கிறோம்.

என் தாய்மாமா சென்ற வாரம் வீட்டுக்கு வந்தபோது, "விளம்பர வேலையையும் பிடித்துக்கொண்டு படத்தையும் பிடித்துக்கொண்டு இரண்டையும் கெடுக்கிறாய். பிக்ஸார்காரர்கள் அப்படியா செய்தார்கள்? ஸ்டீவ் ஜாப்ஸ் பணம் போட்டார், அவர்கள் படம் எடுத்தார்கள், அவ்வளவுதான். ஒன்று, படத்தை மட்டும் செய், இல்லாவிட்டால் அதை மறந்துவிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் என்மீது உள்ள அக்கறையில் சொன்னதுதான் என்றாலும், அந்தச் சொல் மனத்தில் தைத்துவிட்டது. கணினியில் அனிமேஷன் படம் எடுக்கும் அமெரிக்க நிறுவனமான பிக்ஸாரை, ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான ஜாப்ஸ் வாங்கியது 1986இல், அதன் முதல் முழுநீளப் படமான 'டாய் ஸ்டோரி' வந்தது 1995இல் என்பது எனக்குத் தெரியும். இடையிலுள்ள அந்த ஒன்பது ஆண்டுகளில் அவர்கள் என்ன செய்தார்கள், எதை விற்றுச் சம்பளம் கொடுத்தார்கள், அதற்கு முன்பு அவர்கள் யாராக இருந்தார்கள் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

லாசுப்பேட்டை ஆசிரியர்

தம்பி, நான் புதுச்சேரியில் கணினி அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். கணினி வரைகலைப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் இந்த வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். உங்கள் மாமா 1986இலிருந்து கணக்கைத் தொடங்குகிறார். அந்தக் குழுவின் வேரோ அதற்குப் பன்னிரண்டு, பதினான்கு ஆண்டுகள் முன்பே மண்ணில் இறங்கிவிட்டது.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் எவன்ஸ், ஐவன் சதர்லேண்ட் ஆகியோரிடம் படித்த எட் கேட்மல் என்ற மாணவருக்குச் சிறு வயதிலிருந்தே அனிமேஷன் வரைஞர் ஆக வேண்டும் என்று ஆசை. தனக்குக் கை வராது என்று எண்ணிக் கணினிப் பக்கம் வந்தவர் அவர். 1972இல் தன் இடது கையை அச்செடுத்து, வார்த்த கையின்மேல் மையால் சிறுசிறு முக்கோணங்களையும் பலகோணங்களையும் வரைந்து, அவற்றின் முனைகள் ஒவ்வொன்றையும் அளந்து கணினியில் ஏற்றி, விரல்களை மடக்கி நீட்டிக் காட்டினார். ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடும் அந்தக் காட்சியின் பகுதிகள் 1976இல் ஒரு ஹாலிவுட் படத்தில் இடம்பெற்றன. 1974இல் முனைவர் பட்டம் பெற்றபோது அவர் எழுதிய ஆய்வேட்டில் இருந்த இரண்டு கருத்துகளை நீங்கள் இன்றும் ஒவ்வொரு நாளும் பயன்படுத்துகிறீர்கள். ஒன்று, ஒரு படத்தை வளைந்த பரப்பின்மேல் போர்த்துவது; உங்கள் பலாப்பழத்தின் தோல் நிறம் அப்படித்தான் அதன்மேல் உட்காருகிறது. மற்றொன்று, திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தோடு தொலைவையும் சேர்த்துக் குறித்துவைப்பது. தேவனாம்பட்டினம் கரையில் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்போது எந்தப் படகு எதை மறைக்கிறது என்பது நம் கண்ணுக்குத் தானே தெரிந்துவிடுகிறது. கணினிக்கு அது தெரியாது. புதிதாக வரும் புள்ளி, முன்பு குறித்த புள்ளியைவிட அருகில் இருந்தால் மட்டும் பழையதை அழித்துப் புதியதை வைத்துக்கொள் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட விதி.

1974இல் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தின் தலைவர் அலெக்சாண்டர் ஷூர், லாங் ஐலண்டில் ஒரு கணினி வரைகலைக் கூடத்தைத் தொடங்கிக் கேட்மலை அழைத்தார். ஆல்வி ரே ஸ்மித் அங்கு வந்து சேர்ந்தார். ஷூர் கேட்ட கருவிகளை எல்லாம் வாங்கிக் கொடுத்தார். முழுநீளப் படமொன்றைக் கணினியிலேயே செய்ய வேண்டும் என்ற குறிக்கோள் அந்தக் கூடத்திலேயே பிறந்துவிட்டது. ஆனால் ஷூர் தன் சொந்தப் பொறுப்பில், கையால் வரையும் ஓவியர்களைக் கொண்டு எடுத்த அனிமேஷன் படம் 1975இல் வெளிவந்து எடுபடவில்லை. கருவியும் பணமும் இருந்தாலும் கதை சொல்லத் தெரிந்தவர் இல்லாவிட்டால் படம் நிற்காது என்பதை அந்தக் குழு அப்போதே கண்ணால் பார்த்துவிட்டது. பின்னாளில் அவர்கள் நடந்துகொண்ட விதத்துக்கு இதையே முதற்காரணமாக நான் கருதுகிறேன்.

நகை விளம்பரத்தில் கழுத்தணியைப் பின்னணி இல்லாமல் வெட்டியெடுத்து வேறொரு காட்சியின்மேல் வைக்கிறீர்கள் அல்லவா? சிவப்பு, பச்சை, நீலத்தோடு நான்காவதாக ஒளிபுகும் அளவைச் சேர்த்து வைக்கும் அந்த ஆல்ஃபா முறையை, 1970களின் பிற்பகுதியில் கேட்மலும் ஸ்மித்தும் அந்த லாங் ஐலண்ட் கூடத்தில்தான் உருவாக்கினார்கள்.

1979இல் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் தன் நிறுவனத்தில் கணினிப் பிரிவைத் தொடங்கக் கேட்மலை அழைத்துக்கொண்டார். பழைய தோழர்கள் ஒவ்வொருவராகப் பின்தொடர்ந்தனர். லூகாஸுக்குத் தேவைப்பட்டவை படத்தொகுப்புக்கும் ஒலிக்கும் காட்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பதற்கும் உதவும் கணினிக் கருவிகளே. கணினியில் கதைப்படம் எடுக்குமாறு அவர் யாரையும் கேட்கவில்லை. அதனால், டிஸ்னியிலிருந்து நீக்கப்பட்டிருந்த இளம் அனிமேட்டர் ஜான் லாசெட்டரை அவர்கள் சேர்த்துக்கொண்டபோது, அனிமேட்டர் என்று பதிவு செய்தால் கேள்வி வரும் என்பதால், பயனர் இடைமுக வடிவமைப்பாளர் என்ற பெயரில் வேலைக்கு எடுத்தார்கள். 1984இல் அந்தக் குழு செய்த இரண்டு நிமிடக் குறும்படம் குறித்த நாளுக்குள் முடியவில்லை. சில இடங்களில் நிறமும் பரப்பும் ஏற்றாத வெறும் கம்பிக்கூட்டு வடிவத்தோடேயே அதைக் கணினி வரைகலை மாநாட்டில் திரையிட்டார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் குறையைக் கவனிக்கவில்லை என்று பின்னர் அவர்களே வியந்து சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே, 1986 பிப்ரவரியில் ஜாப்ஸ் வாங்கியது பத்தாண்டுக்கும் மேலாகச் சேர்ந்தே இருந்து, இரண்டு புரவலர்களைக் கடந்து வந்த, சுமார் நாற்பது பேர் கொண்ட ஒரு குழுவை.

திருப்பாதிரிப்புலியூர் கணக்கர்

ஆசிரியர் ஐயா தொடக்கத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்தது கணக்கு. அந்தப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

ஜாப்ஸ் ஆப்பிளை விட்டு வெளியேறிய அடுத்த ஆண்டு இது. லூகாஸுக்கு 50 லட்சம் டாலர் கொடுத்தார். புதிய நிறுவனத்துக்கு மூலதனமாக மேலும் 50 லட்சம் டாலர் போட்டார். படம் எடுப்பதற்காக அவர் போட்ட பணம் இல்லை அது. பிக்ஸார் அப்போது கணினி விற்கும் நிறுவனம். பிக்ஸார் என்ற பெயரே அவர்கள் விற்ற இயந்திரத்தின் பெயர்தான். ஓர் இயந்திரத்தின் விலை 1,35,000 டாலர். அதை இயக்க வேறொரு கணினியையும் தனியாக வாங்க வேண்டும். உடலின் உட்பகுதியை எடுத்த படங்களை ஆராயும் மருத்துவமனைகளும், வானிலிருந்து எடுத்த படங்களை அலசும் அரசுத் துறைகளும் வாங்கும் என்று எதிர்பார்த்தார்கள். மொத்தமாக முந்நூறுகூட விற்கவில்லை. 1990இல் அந்த வன்பொருள் பிரிவையே 20 லட்சம் டாலருக்கு வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். நிறுவனம் மூழ்காமல் இருந்தது ஜாப்ஸ் மீண்டும் மீண்டும் எழுதிக்கொடுத்த காசோலைகளால்தான். எல்லாம் சேர்த்து அவர் போட்டது ஏறக்குறைய 5 கோடி டாலர். எந்த ஆடிட்டரும் இப்படி ஒரு கணக்கைப் பார்த்து, கடையைத் தொடர்ந்து நடத்துங்கள் என்று சொல்லமாட்டார். நானும் சொல்லியிருக்கமாட்டேன்.

ஆனால் தோற்ற அந்த வியாபாரம் மூன்று வழிகளைத் திறந்துவிட்டது. இயந்திரத்தை வாங்கியவர்களில் டிஸ்னியும் ஒருவர். கையால் வரைந்த கோட்டோவியங்களுக்குக் கணினியில் வண்ணம் தீட்டி ஒன்றுசேர்க்கும் ஓர் அமைப்பைப் பிக்ஸார் அவர்களுக்காகச் செய்துகொடுத்தது. 1990இல் ஒரு முழுப்படமே அந்த அமைப்பில் உருவானது. வாடிக்கையாளராக வந்து நம்பிக்கை கொண்ட அந்த நிறுவனம்தான் 1991இல் மூன்று படங்களுக்கு 2 கோடியே 60 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

இரண்டாவது, கணினியில் செய்த வடிவங்களை ஒளியும் நிழலும் சேர்த்து முழுப் படமாக ஆக்கும் (ரெண்டர் செய்யும்) ரெண்டர்மேன் என்ற மென்பொருள். லோரன் கார்ப்பென்டர், ராப் குக் போன்றவர்கள் லூகாஸ் காலத்தில் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்தது அது. மற்ற படநிறுவனங்கள் அதைக் காசு கொடுத்து வாங்கின. அந்த இருவருக்கும் கேட்மலுக்கும் 2001இல் ஆஸ்கர் சிலையே கிடைத்தது. மென்பொருள் பணிக்கு அந்தச் சிலை கிடைப்பது மிக அரிது.

மூன்றாவதுதான் உங்கள் கேள்விக்கு நேரான விடை. பிக்ஸார் விளம்பரப் படம் எடுத்தது. வாய் கொப்பளிக்கும் மருந்துக்கும், ஆரஞ்சுச் சாற்றுக்கும், மிட்டாய்க்கும் எடுத்தது. அதிலிருந்து வந்த வருமானம் பெரிதன்று. ஆனால் அந்த விளம்பரங்களைச் செய்த காலத்தில், 1990இல் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களில் ஆண்ட்ரூ ஸ்டாண்டனும் பீட் டாக்டரும் இருந்தார்கள். 2001இல் கதவுகளின் வழியாக வரும் பூதங்களின் படத்தை இயக்கியவர் டாக்டர். 2003இல் மகனைத் தேடிப்போகும் மீனின் படத்தை இயக்கியவர் ஸ்டாண்டன். முப்பது நொடிக்குள் ஒரு பொருளை உயிருள்ளதாக நம்பவைக்கும் பயிற்சியை அவர்கள் அந்த விளம்பரங்களில் பெற்றார்கள். அதனால், அவர்கள் விளம்பரத்தைத் தொடாமல் படம் மட்டுமே எடுத்தார்கள் என்று உங்கள் மாமா நினைப்பது சரியன்று.

ஒரு வேறுபாட்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்களுக்குப் பின்னால் 5 கோடி டாலர் போடுகிறவர் யாரும் இல்லை. மாதாந்திர வரவு நின்றால் உங்கள் கடை மூன்று மாதம் தாங்குமா என்பதைக் கணக்குப் போட்ட பிறகே மாமாவின் பேச்சைக் காதில் வாங்குங்கள்.

மஞ்சக்குப்பத்தான்

ஐயா இருவருக்கும் நன்றி. ஆல்ஃபா அங்கே பிறந்தது என்பது எனக்குத் தெரியாது. நாள் முழுவதும் அதோடுதான் வாழ்கிறேன்.

கணக்கர் ஐயா, மூன்று மாதம் தாங்காது. ஒன்றரை மாதம் தாங்கலாம்.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கரையைக் கடந்தபோது எங்கள் பழைய கடையின் கூரைத் தகடு பறந்து, இரண்டு கணினிகளும் வன்தட்டுகளும் நனைந்துபோயின. நகல் எடுத்து வைத்த தட்டையும் அதே மேசை இழுப்பறையில்தான் வைத்திருந்தேன். அதற்கு முன்பு செய்த என் சொந்த வேலை ஒன்றுகூட இப்போது என்னிடம் இல்லை. அதனால்தான் இந்த நாற்பது நொடியை விட மனம் வரவில்லை. பலாப்பழம் நகர்கிறது, உருள்கிறது. ஆனால் அது சிறியது, தனித்துவிடப்பட்டது என்ற உணர்வு பார்ப்பவர்களுக்கு வரவில்லை. பெரிய பழத்தின் வடிவத்தைத்தான் சுருக்கிப் பயன்படுத்தியிருக்கிறேன். அந்தக் காலத்தில் இதை அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

வில்லியனூர் மண்

தம்பி, நான் பள்ளியில் ஓவிய ஆசிரியை. எங்கள் குடும்பம் வில்லியனூரில் தலைமுறையாகச் சுடுமண் வேலை செய்யும் குடும்பம். நீங்கள் கடைசியில் எழுதிய வரியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

1986இல் லாசெட்டர் தன் மேசைமேல் இருந்த விளக்கைப் பார்த்து சுமார் இரண்டு நிமிடம் ஓடும் குறும்படம் ஒன்றைச் செய்தார். ஒரு பெரிய விளக்கும், பந்தோடு விளையாடும் ஒரு குட்டி விளக்கும் மட்டுமே அதில் உண்டு. முகம் இல்லை, பேச்சு இல்லை. குட்டி விளக்கை உருவாக்கும்போது அவர் பெரிய விளக்கை அப்படியே சுருக்கவில்லை. கம்பிகளையும் விற்சுருளையும் குறுக்கினார், கூண்டைச் சிறிதாக்கினார், ஆனால் உள்ளே இருக்கும் பல்பை மட்டும் அதே அளவில் விட்டுவிட்டார். பல்பு கடையில் வாங்குவது, விளக்கோடு சேர்ந்து வளர்வதன்று என்பது அவர் சொன்ன காரணம். அலுவலகத்துக்கு வந்த ஒரு கைக்குழந்தையின் தலைக்கும் உடலுக்கும் உள்ள அளவைப் பார்த்தபோது அவருக்கு இது தோன்றியது. குழந்தை என்பது சிறிதாக்கப்பட்ட பெரியவர் அன்று. எங்கள் அப்பா குட்டி யானை செய்யும்போது இதையே சொல்வார். தும்பிக்கையைக் குறைப்பார், காதையும் நெற்றியையும் குறைக்கவிடமாட்டார்.

அந்த ஆண்டு டல்லஸில் நடந்த மாநாட்டில் திரையிட்டு முடித்ததும், வரைகலை அறிஞரான ஜிம் பிளின் லாசெட்டரிடம் கேள்வி கேட்க விரைந்து வந்தார். நிழலை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்கப்போகிறார், அதற்கு விடை சொல்லத் தெரியாதே என்று லாசெட்டர் அஞ்சினாராம். பிளின் கேட்டது, அந்தப் பெரிய விளக்கு அம்மாவா, அப்பாவா என்று. ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் கணினிக் குறும்படம் அதுதான். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர்கள் செய்த பொம்மைக் கதை ஆஸ்கரை வென்றது. இந்தக் குறும்படங்கள் ஒரு காசும் ஈட்டவில்லை. கணினியும் மென்பொருளும் எதைச் செய்யும் என்று காட்டும் மாதிரியாகவே கணக்கில் இருந்தன. ஆனால் டிஸ்னி லாசெட்டரைத் திரும்ப அழைத்ததும், அவர் போக மறுத்ததால் பிக்ஸாரோடு ஒப்பந்தம் போட வந்ததும் இவற்றைப் பார்த்துத்தான்.

முழுநீளப் படத்துக்குப் பொம்மைகளையே கதைமாந்தர் ஆக்கியதில் அவர்களுடைய தெளிவு தெரிகிறது. அக்காலக் கணினியில் தோலும் முடியும் சரியாக வரவில்லை. எல்லாமே பிளாஸ்டிக்போலத் தெரிந்தன. ஆகவே பிளாஸ்டிக்காகவே இருப்பவர்களின் கதையை எடுத்துக்கொண்டார்கள். அப்படியும் 1993 நவம்பர் 19 அன்று பாதிக் கதையை வரைபடங்களாகக் கோத்து டிஸ்னிக்குக் காட்டியபோது, முதன்மைப் பொம்மை பிறரை ஏசும் கொடியவனாக இருந்ததால் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். படத்துக்குக் காரம் கூட்டச் சொல்லி வெளியிலிருந்து வந்த யோசனைகளை எல்லாம் ஏற்றுக்கொண்டதன் விளைவு அது. அடுத்த சில மாதங்களில் தங்களுக்குப் பிடித்த மாதிரி கதையைத் திருத்தி எழுதி, நிறுத்தியவர்களிடமே மீண்டும் காட்டி ஒப்புதல் பெற்றார்கள். அந்த நாட்களில் பிக்ஸாரின் மற்ற ஊழியர்களின் சம்பளத்தைத் தாங்கியதில் விளம்பர வேலைக்கும் பங்கு உண்டு. இதைக் கணக்கர் ஐயாவின் பதிலோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பலாப்பழத்துக்கு வருகிறேன். பலாப்பிஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? அதில் முட்கள் நெருக்கி நெருக்கி இருக்கும். பழம் பருக்கப் பருக்கத்தான் முட்களுக்கு இடையே இடைவெளி விரிந்து அவை மழுங்கும். பெரிய பழத்தைச் சுருக்கினால் முட்களின் இடைவெளியும் சேர்ந்து சுருங்கும். பார்ப்பவருக்கு அது தொலைவில் இருக்கும் பெரிய பழமாகத்தான் தெரியும்.

லாசுப்பேட்டை ஆசிரியர்

அம்மா சொன்னது மிகச் சரி. இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன்.

1995 நவம்பர் 22 அன்று வெளியான அந்த முதல் படத்தில் 1,14,240 ஃப்ரேம்கள். 117 கணினிகள் இரவும் பகலும் ஓடின. ஒரு ஃப்ரேமுக்குக் குறைந்தது 45 நிமிடம், சிலவற்றுக்கு 30 மணி நேரம். மொத்தம் 8 லட்சம் கணினி மணி நேரம். அந்த வேலையை ஒரே கணினியிடம் கொடுத்திருந்தால் 91 ஆண்டுகள் ஆகியிருக்கும். படம் வந்து ஒரு வாரத்தில், 29ஆம் தேதி, பிக்ஸாரின் பங்குகள் விற்பனைக்கு வந்தன. 22 டாலர் என்று விலை வைத்த பங்கு மாலையில் 39 டாலரில் முடிந்தது. 2006இல் டிஸ்னி 740 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்துப் பிக்ஸாரையே வாங்கியது.

இழுப்பறையில் வைத்த நகலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர்களுக்கும் அது நேர்ந்தது. 1998இல், அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் உருவாகிக்கொண்டிருந்தபோது, யாரோ தவறாகக் கொடுத்த ஒரு கட்டளையால் கோப்புகள் கண்முன்னே அழியத் தொடங்கின. எடுத்துவைத்த காப்புகளைத் திறந்து பார்த்தால் அவையும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வீட்டிலிருந்தே பணியாற்றிய கேலின் சுஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் ஒரு நகல் இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றிக் காரின் பின்னிருக்கையில் வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். உங்கள் நாற்பது நொடியின் ஒரு நகலை உங்கள் மாமா வீட்டில் கொடுத்து வையுங்கள்.

மஞ்சக்குப்பத்தான்

ஐயா, இன்று காலையே ஒரு வன்தட்டை மாமா வீட்டு பீரோவில் வைத்துவிட்டு வந்தேன். விளம்பரப் படங்கள் எடுத்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதையும் சொன்னேன். "சரி, அந்த நாற்பது நொடியைப் போட்டுக் காட்டு" என்று கேட்டார். இரண்டு முறை பார்த்தார்.

அம்மா, நேற்று விடியற்காலையில் பண்ருட்டிக்குப் போய் ஒரு பலாப்பிஞ்சும் ஒரு முழுப் பழமும் வாங்கி வந்து, இரண்டையும் மேசைமேல் வைத்து நூல் பிடித்து அளந்தோம். ஒரு சதுர அங்குலத்தில் பழத்தில் உள்ளதைவிடப் பிஞ்சில் முட்கள் மும்மடங்குக்கும் மேல் இருக்கின்றன. காம்பும் நான் நினைத்ததுபோல் மெல்லியதாக இல்லை. உடலுக்குப் பொருந்தாத தடிமனில், பிடித்துக்கொள்ள நீட்டிய கைபோல் இருந்தது. காம்பையும் முட்களையும் புதிதாகச் செய்து முதல் ஃப்ரேமை ரெண்டருக்குப் போட்டிருக்கிறோம். பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்று காட்டுகிறது. வந்ததும் இங்கே பதிவிடுகிறேன்.